மூன்று நாள் குடத்துத் தண்ணீர்

டாக்டரம்மா அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் கொக்கித் தராசும் மறுகையில் மடித்த சாக்குகளும் இருக்கும். அரசாங்கப் பருத்தி ஆராய்ச்சிக்காரர் அவர். முதல் வருஷம் ஜீப்பில், கூட இரண்டு ஆட்களோடு வந்தவர்தான். பிறகு ஆட்கள் குறைந்தார்கள். மூன்றாம் வருஷம் ஜீப்புக்கு டீசலும் கிடையாது என்றாகிவிட்டது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், எங்கள் ஊர்க்காரர்கள் காய்ச்சலோடு போய் அவரிடம் நாக்கை நீட்டினார்கள். அவரும் சலித்துக்கொள்ளாமல் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்.

எங்கள் மானாவாரிக் கரிசலில் பத்து சென்ட் இடத்தில் அவர் உருவாக்கிய புது ரகத்தையும், பக்கத்திலேயே பழைய ரகத்தையும் விதைத்திருந்தார். மழை குறைந்தாலும் தாங்குகிறதா என்று மூன்று வருஷம் பார்க்க வேண்டுமாம். அதே சமயத்தில் ரோட்டோரம் ஒரு விதைக் கம்பெனி போர்வெல் போட்டு, பெரிய போர்டு வைத்து, பார்க்க வருகிறவர்களுக்குப் பிரியாணி போட்டுப் பருத்தி வளர்த்தது. பொய் சொல்வானேன், நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உலகம் முழுக்கவே இப்படித்தான், பயிர் ஆராய்ச்சியில் அரசாங்கங்கள் கையைச் சுருக்க, கம்பெனிகள் உள்ளே வருகின்றன என்றார். வருஷா வருஷம் கடையில் வாங்க வேண்டிய விதைக்குத்தான் கம்பெனிகள் செலவு செய்யும். நீங்களே எடுத்து வைத்து விதைக்கிற விதைக்கு அரசாங்கத்தை விட்டால் ஆள் இல்லை என்றும் சொன்னார். அந்த மூன்றாம் வருஷத்தோடு அவருடைய திட்டமும் முடிகிறது. கடைசி வெள்ளாமை தேறினால்தான் ரகம் வெளியே வரும்.

அந்தக் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. செடிகள் தலை தொங்கியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அந்த போர்வெல்லிலிருந்தே நானும் வீட்டுக்காரரும் மூன்று நாள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். புது ரகத்துக்கு மட்டும்தான். பழையதற்கு ஒரு சொட்டுகூட விடவில்லை.

மாசியில் டாக்டரம்மா வந்து, பறித்த பருத்தியை எடை போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பழைய ரகத்தையும் எடை போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று என்னைக் கேட்டார்.

"உங்க செடிக்கு மட்டும் நாங்க தண்ணி ஊத்துனோம்ங்க. காய விட்டுருவமா?" என்றேன் பெருமையாக.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ஊற்றக்கூடாது என்று சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாருக்குத் தெரியப்போகிறது, இருக்கிற எடையையே எழுதுங்கள் என்று அழுதுகொண்டே கெஞ்சினேன்.

"இத நம்பி, தண்ணியில்லாத ஊர்ல ஒருத்தரு விதைப்பாருங்க. அவருக்கு யாரு குடத்துல ஊத்துவா?" என்றார்.

அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, அந்த ரகமும் வெளியே வரவில்லை. வேறு வேலைக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி. இப்போது வருஷா வருஷம் கடையில் கம்பெனி விதைதான் வாங்குகிறோம். குறை சொல்ல மாட்டேன், மழை இருந்தால் நன்றாகக் காய்க்கிறது. மழை ஏமாற்றுகிற வருஷங்களில்தான், வாடிய செடிகளுக்கு நடுவே நின்று, அந்த ரகம் நிஜமாகவே தாங்கியிருக்குமா என்று யோசிப்பேன். நாங்கள் ஊற்றாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.