மூன்றாவது பிறந்தநாள் கேசட்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் ராஜலட்சுமி வாதாட மாட்டாள். மகள் போனதிலிருந்தே எதற்கும் வாதாடுவதை அவள் விட்டுவிட்டாள். கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வாள். குரல்கூட உயராது. அதனால்தான் கேட்பவர்களால் நம்பாமல் இருக்க முடிவதில்லை.

2005ஆம் வருடம், ஓசூர். கணவர் நல்லுசாமிக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் லாவண்யா மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் நடமாடுவதைப் பார்க்க மிச்சம் இருந்தது மூன்றாவது பிறந்தநாள் கேசட் ஒன்றுதான். அதிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெகதீஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு தடவதான் ஓடும்க்கா. அடுத்த தடவ அறுந்துடலாம். ஓடுறப்பவே சீடியில ஏத்திரணும்.”

“நீயே போய் உக்காந்து பாத்துக்க. என்னால முடியாது,” என்று நல்லுசாமி வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ராஜலட்சுமி மட்டும் ஸ்டுடியோவுக்குப் போனாள். மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில்.

பாகலூரில் அவர்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீடு திரையில் வந்தது. ஊதாச் சுவர், கலர் பேப்பர் தோரணம், கேக். மேலே சினிமாப் பாட்டுகளை ஏற்றியிருந்ததால் யார் பேசுவதும் கேட்கவில்லை. ரோஸ் கவுனில் லாவண்யா. இரண்டு மாதம் கழித்து அந்தக் கவுனைப் போட்டுத்தான் அவளைப் புதைத்தார்கள். ராஜலட்சுமிக்குக் கண் கலங்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டும் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

கேக் வெட்டும்போது எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். லாவண்யா மட்டும் கேமராவைப் பார்த்தாள். கேமரா நகர்ந்தது. அவள் பார்வையும் கூடவே நகர்ந்தது.

விழா முடிந்தது. திரை நீலமானது. ஜெகதீஷ் நிறுத்தக் கை நீட்டினான்.

மறுபடி படம் வந்தது. பாட்டு இல்லை.

அதே வீடு. தோரணம் இல்லை, சாமான் இல்லை. லாவண்யா இறந்தபின் அவர்கள் காலி செய்துவிட்டு வந்த அன்று இருந்ததுபோல வெறும் சுவர்.

சுவரோரமாக ஒரு சிறுமி. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அதே ரோஸ் கவுன். தோளில் தையல் விட்டுப் பிளந்திருந்தது...

“உங்க பெரிய பொண்ணாக்கா?”

“எனக்கு ஒரே பொண்ணுதான்.”

சிறுமி திரும்பினாள்.

லாவண்யாவின் முகம்... கொஞ்சம் நீண்டிருந்தது. பால் பற்கள் இல்லை. முன்னால் இரண்டு பெரிய பற்கள்.

ராஜலட்சுமிக்குப் பயம் வரவில்லை. ஆமாம், இப்போது ஒன்பது வயது ஆகியிருக்கும் என்று மட்டும் நினைத்தாள்.

சரக்... சரக்...

“அம்மா... எப்ப வருவ?”

டப்.

டேப் அறுந்தது.

ஜெகதீஷ் அறுந்த டேப்பை வெளியே எடுத்தான். சீடியைப் போட்டுப் பார்த்தார்கள். பிறந்தநாள் விழா முழுசாக இருந்தது. அதன்பிறகு வெறும் நீலம்.

இரவு நல்லுசாமியிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறிப் பாகலூர் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்றவளை எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டாள். அவள் பெயர் வெங்கடம்மாள். ராஜலட்சுமி யாரென்று அவளுக்குத் தெரியாது.

“வீடு பாக்க வந்தியாம்மா? அது வேணாம். அஞ்சாறு வருசம் நாங்கதான் அதுல இருந்தோம். போன மாசம்தான் இந்தப் பக்கம் மாறினோம்.”

“ஏன்?”

“உள்ள ஒரு பொண்ணு இருக்குது. ஒண்ணும் பண்ணாது. செவுத்தோரமா நிக்கும். சின்னக் கொழந்ததானேன்னு நாங்களும் விட்டுட்டோம்.” வெங்கடம்மாள் தன் தொடையருகே கை வைத்துக் காட்டினாள். “வந்தப்ப இவ்ளோதான் இருந்துச்சு.”

அந்தக் கை மெல்ல உயர்ந்து அவள் மார்புக்கு நேராக நின்றது.

“அது வளருதும்மா.”

ராஜலட்சுமி பூட்டைப் பார்த்தாள்.

“சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டாள்.