தாரில் பதிந்த நான்கு விரல்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், திருநின்றவூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். நான் பொன்னேரியில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை; நானே சரிசெய்துவிடலாம் என்ற திமிர் மட்டும் இருந்தது. விற்ற அம்மாள் கணவரை இழந்தவர். கணவருடைய ஜாக்கியையும் சேர்த்தே கொடுத்தார்.

ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, சக்கரங்களைக் கழற்றினேன். ஒரு ஞாயிறு காலை அடியில் படுத்துத் துருவைச் சுரண்டும்போது அடிச்சட்டத்தில் ஒரு நசுங்கல் தெரிந்தது. அதில் செங்கல் தூள் அப்பியிருந்தது. பக்கத்தில், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய தாரில், நான்கு விரல்கள் ஆழமாகப் பதிந்து காய்ந்திருந்தன. யாரோ காரை மேலே தள்ளப் பார்த்தது போல. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தின.

உடனே வெளியே ஊர்ந்து வந்தேன். "இன்னாங்க, மூஞ்சியே வெளுத்துப்போச்சு?" என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள், செங்கற்கள் நொறுங்கிக் கார் தரையில் உட்கார்ந்தது.

மறுநாளே அந்த அம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"செங்கல்லு மேல நிறுத்திக்கினு, உள்ள படுத்து தார் பூசிக்கினு இருந்தாரு. கல்லு நொறுங்கிடுச்சு. வெளிய எடுக்கசொல்லோ உசுரு இல்ல. சொன்னா நீங்க வாங்க மாட்டீங்கன்னு சொல்லலைங்க," என்றார். பிறகு தயங்கி, "வண்டி ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

இப்போது ஓடுகிறது. செங்கல்லை நான் கிட்டேயே சேர்ப்பதில்லை. கனத்த மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, கழற்றிய சக்கரங்களையும் அடியில் தள்ளிவைத்த பிறகே படுக்கிறேன். காரின் அடி முழுக்கப் புதுத் தார் பூசிவிட்டேன், அந்த ஒரு சாண் இடத்தைத் தவிர.