நன்றிப் பக்கம் கடைசியில் அடிக்கப்படும்

ஆராய்ச்சிக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே பிராணி உலகத்தில் டைப் அடிக்கிறவன்தான். அவனும் தலையெழுத்தே என்றுதான் படிக்கிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஏழெட்டு வருஷம், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு பொடிக்கடைக்கு மாடியில் மெஷின் போட்டுக்கொண்டு நான் இந்தப் பாவத்தைச் செய்தேன். கீழே அவர்கள் புகையிலை வறுப்பார்கள், மேலே நான் தும்மிக்கொண்டே அடிப்பேன். கணிதம், வேதாந்தம், விளக்கெண்ணெய், மீன், கல்வெட்டு எல்லாம் அந்தப் படியேறித்தான் வந்தன. படியில் ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீன்காரர் போனதும் வேதாந்தி என்னிடம் "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்பார். வேதாந்தி போனதும் கணிதக்காரர் அதையே கேட்பார். அவர்கள் செய்த ஆராய்ச்சிகளிலேயே சரியான முடிவுக்கு வந்தது இந்த ஒன்றுதான்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீஸிஸாக இருந்தாலும் முன்னால் வருகிற நன்றிப் பக்கத்தைக் கடைசியில்தான் அடிப்பேன். 'நன்றிப் பக்கம் கடைசியில் அடிக்கப்படும்' என்று சுவரில் அட்டையே மாட்டியிருந்தேன். ஆராய்ச்சி மாறாது ஐயா, நன்றி மாறிக்கொண்டே இருக்கும். ஊரார் எழுத்தைச் சுமந்து முதுகு வளைந்த குமாஸ்தாக்களே, புரூப் பார்த்துக் கண் போனவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

குறியில்லாத கணிதம்

என் மெஷினில் கணிதக் குறிகள் கிடையாது. குறி வருகிற இடத்தையெல்லாம் காலியாக விட்டு அடித்துக் கொடுப்பேன். எழுதியவர் வீட்டில் உட்கார்ந்து மசியால் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாம்பலத்தில், தியாகராய நகர்ப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோன ஒரு கணித வித்வான் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வருஷம் கழித்துப் பட்டம் வந்துவிட்டது என்று கற்கண்டும் கையுமாக வந்தார். கூடவே அட்டை பிய்ந்துபோன தம் பிரதியையும் கொண்டுவந்தார், சரிபண்ண.

புரட்டிப் பார்த்தேன். நாலாவது அத்தியாயம் முழுக்க நான் விட்ட காலியிடம் விட்டபடியே இருந்தது. நாற்பது பக்கம்! "மற்ற பிரதியெல்லாம் எப்படி சார்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எல்லாவற்றிலும் அப்படித்தான், மறந்தே போய்விட்டாராம். வெட்கப்படுவார் என்று பார்த்தேன். கற்கண்டில் ஒன்றை எடுத்துத் தம் வாயிலேயே போட்டுக்கொண்டு சொன்னார்: "போனாப் போறது முதலியார்வாள், அந்த அத்தியாயந்தான் ரொம்ப நுட்பமா இருக்குன்னு பரீட்சை பண்ணினவா எழுதியிருக்கா."

மாயைக்கு நடுவில் விளக்கெண்ணெய்

எனக்குப் பக்கத்து அறையில் பைண்டர் காதர் பாய். வீட்டில் உருது, கடையில் தமிழ். படித்தவர்களை முகத்தைப் பார்த்து எடைபோட மாட்டார், புத்தகத்தின் முதுகைப் பார்த்துத்தான் போடுவார். ஒரு வாரம் அவர் மேஜையில் இரண்டு தீஸிஸ் சேர்ந்து கிடந்தன. ஒன்று மாயையைப் பற்றியது, இன்னொன்று விளக்கெண்ணெயின் ரசாயனம். ஒரே காகிதம், ஒரே மெஷின். இரண்டு மாசம் கழித்து, எண்ணெய்க்காரருக்கு இருபது பக்கம் குறைகிறதே என்று தேடியபோதுதான் எனக்குச் சுரீரென்றது. அந்த இருபதும் மாயைக்குள் போய்த் தைபட்டு, வேதாந்தியோடு அடையாற்றுக்கும் போய்விட்டது.

எண்ணெய்ப் பக்கங்களைத் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டு அடையாற்றுக்கு ஓடினேன், வேதாந்தியின் காலில் விழுந்தாவது திருத்திவிடலாம் என்று. அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடியே முழுவதையும் கேட்டார். விளக்கெண்ணெய் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்கிற அட்டவணையைப் பிரித்துக் காட்டினேன், அதையும் பார்த்தார். புத்தகத்தை வாங்கி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு மாசமா பெரிய மனுஷா அத்தனை பேருக்கும் படிக்கக் கொடுத்தாச்சு, ஒருத்தரும் வாயைத் திறக்கலை, இப்போ நீர் பிச்சு எடுத்தீர்னாத்தான் ஓய் சந்தேகம் வரும்."

சங்கரா எங்கே முட்டையிடும்

சடகோபன் என்று ஒருவர். சங்கரா மீன் எங்கே, எப்போது முட்டையிடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மீனைப் பற்றிப் பேசுவார். அவர் தீஸிஸ் பாதி அடித்திருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது வயசு ஆள் ஒருவர் படியேறி வந்தார். உப்பேறிய வேட்டி, கையில் துண்டு. "சடகோபு சாமி பொஸ்தகம் இங்கதான் அடிக்கிறியா நைனா? அதுல தேசப்பன்னு பேரு வந்துச்சா?" என்றார். நன்றிப் பக்கம் கடைசியில்தான் என்று அட்டையைக் காட்டினேன். அட்டையை என்ன செய்வார் பாவம், படிக்கத் தெரியாது. மறு வெள்ளி வந்தார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்.

நாலாவது வெள்ளி உட்காரவைத்துக் கேட்டேன். நொச்சிக்குப்பத்துக் கட்டுமரக்காரர். கடலுக்குள்ளே ஒரு பாறைத் திட்டு, பார் என்பார்கள். கபாலி கோயில் கோபுரமும் சாந்தோம் மாதா கோயில் கூம்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற கோட்டிலே போய், ஐகோர்ட் கலங்கரை விளக்கு தெரிகிற வாக்கில் நிறுத்தினால் அடியில் அந்தப் பார். அங்கேதான் சங்கரா முட்டையிடும். குப்பத்தைத் தவிர எவனுக்கும் தெரியாது, சொல்லவும் கூடாது. தேசப்பன் சொல்லிவிட்டார். சடகோபன் இரண்டு தரம் கட்டுமரத்தில் போய் இரண்டு தரமும் வாந்தியெடுத்துவிட்டுக் கரையிலேயே தங்கிவிட்டார். அப்புறம் இரண்டு வருஷம் மீனைக் கொண்டுவந்து கொடுத்து, எந்த மாசம் என்ன பார்த்தேன் என்று வாயால் சொன்னது எல்லாம் தேசப்பன்தான்.

விஷயம் தெரிந்ததும் குப்பத்துப் பஞ்சாயத்து அவரை ஒதுக்கிவைத்துவிட்டது. ஊரே சேர்ந்து இழுக்கிற பெரிய வலையில் இடமில்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. ஊரைக் காட்டிக்கொடுக்கவில்லை, சீமைக்குப் போகிற புத்தகத்தில் நம் குப்பத்தின் பெயரும் வரும், சாமி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஆடித் திருவிழாவுக்குள் அதைக் கொண்டுவந்து காட்டு என்று அவர்கள் கெடு வைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தார். "அந்தக் காயிதத்துல என் பேரு கீதுன்னு காமிச்சாத்தான் நைனா, நான் மறுபடி மனுசனா வலைல கை வைக்க முடியும்."

பதினெட்டு நன்றிகள்

அந்தச் சமயத்தில்தான் கல்வெட்டுக்காரர் ஒருவர் நன்றிப் பக்கத்தை மூன்று தரம் மாற்ற வைத்தார். முதலில் ஒரு பேராசிரியருக்கு நன்றி. அவர் ஓய்வு பெற்றார், பெயர் போயிற்று. அடுத்தவர் வந்தார், பெயர் வந்தது. அடுத்தவருக்கும் இவருக்கும் மனஸ்தாபம், அந்தப் பெயரும் போயிற்று. கடைசியில் ஒரு ஜமீன்தார், அவருடைய திவான், திவானின் மருமகன் என்று பதினெட்டு நன்றிகள். அடித்த எனக்கு இல்லை. அது எனக்குப் பழக்கந்தான். நான் அடித்த நன்றிப் பக்கங்களில் ஒன்றில்கூட என் பெயர் இருந்ததில்லை.

"பாம்பும் தேளும் ஓடுகிற மண்டபத்தில் புதரை வெட்டிக் கல்லைத் தேய்த்துக் கொடுத்தது கோயில் காவல்காரர் என்று சொன்னீர்களே, அவர் பெயரைக் காணோமே?" என்றேன். தேசப்பன் ஞாபகத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கல்வெட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன ஓய் இது, இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவனுக்கு இங்கிலீஷ்ல நன்றி சொன்னா அவனுக்குத்தான் என்ன பிரயோஜனம்?"

சிவப்பு மசி

சடகோபனின் நன்றிப் பக்கம் வந்தது. கையெழுத்துப் பிரதியில் இரண்டு வரி இருந்தது: இந்த ஆராய்ச்சி நொச்சிக்குப்பம் தேசப்பன் காட்டிய பார் இல்லாமல் நடந்திராது என்று, சடகோபன் தம் கையாலேயே எழுதியது. அதன் குறுக்கே சிவப்பு மசியில் கோடு. கீழே, வெயிலில் குடை கொடுத்து உதவிய மாமனாருக்கு நாலு வரி நன்றி. குடைக்கு நாலு வரி!

அந்த ஆளின் நிலைமையைச் சொன்னேன். ஆடி மாசம் பக்கத்தில் வந்துவிட்டது, இரண்டே இரண்டு வரிதானே, ஒரு மனுஷன் பிழைத்துப் போவானே சார் என்று கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "கட்டுமரக்காரன் சொல்லி நான் எழுதினேன்னு ஆயிடாதா?" என்றார். "நடந்தது அதுதானே சார்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து குடையை எடுத்துக்கொண்டார், மாமனார் குடைதான் போலிருக்கிறது. "நீர் டைப் அடிக்கறவர், நான் எழுதினதை அடியும், நடந்ததை அடிக்க வேண்டாம்."

மூலையைத் தூக்கிக் கையெழுத்து

நன்றிப் பக்கத்தின் அடியில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ பேர் போட்டுப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கிற பிரதியை மட்டும் வாசிப்பார்கள். தம்முடைய அழகைத் தாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வாசிப்பார்கள். அடியில் இருப்பதையெல்லாம் மூலையைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்திட்டுக்கொண்டே போவார்கள். படித்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. படிக்காதவன் செய்யமாட்டான், நாலு பேரைக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கை நாட்டு வைப்பான்.

மேல் பிரதியை அவர் சொன்னபடியே அடித்தேன், குடையும் மாமனாருமாக. பிறகு புதுக் காகிதம் சொருகி, சிவப்புக் கோடு போட்ட இரண்டு வரியையும் சேர்த்து அடித்தேன். வேண்டியது மேல் பிரதியோடு சேர்த்து நாலு பிரதி. ஐந்தாவதாக ஒன்றும் எடுத்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் அடித்தேன் ஐயா, பொய் சொல்வானேன். வெளியே தெரிந்தால் ஒரு பண்டிதர்கூட என் படியேற மாட்டார், நான் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். சடகோபன் வந்தார். முதலாவதை இரண்டு தரம் வாசித்தார். மாமனார் பெயருக்கு முன்னால் ராவ்பகதூர் விட்டுப்போகவில்லையே என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மூலையைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எண்ணவுமில்லை.

வாசித்த பிரதி அவருக்கு, மற்ற மூன்றும் பரீட்சை செய்பவர்களுக்கு. தைக்கும்போது காதர் பாய் கண்டுபிடித்துவிட்டார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், ஒன்றில் வரி குறைச்சல், மற்றதில் அதிகம் என்று பக்கத்தின் உயரத்திலேயே தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அரே, பயப்படாதீங்கோ முதலியாரே, இவங்கோ அட்டையைத் தவிர வேற எதையும் பார்க்க மாட்டாங்கோ."

பஞ்சாயத்தின் தீர்ப்பு

ஐந்தாவது காகிதத்தைத் தேசப்பன் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். சாந்தோமிலிருந்து ஒரு வாத்தியாரை அழைத்துவந்து வாசிக்கச் சொன்னார்களாம். அது போதாதென்று, இவருக்கு வேண்டியவர் என்று சந்தேகப்பட்டு இன்னொரு வாத்தியாரையும் அழைத்துவந்து வாசிக்கச் சொன்னார்களாம். கையெழுத்து சாமியுடையதுதானா என்று முன்பு அவர் எழுதிய துண்டுச் சீட்டை வைத்து ஒத்துப் பார்த்தார்களாம். சீமையில் எந்தப் பண்டிதனும் அந்தத் தீஸிஸை இவ்வளவு கவனமாகப் பரிசோதித்திருக்க மாட்டான். ஆடித் திருவிழாவன்று தேசப்பன் பெரிய வலையில் கை வைத்தார்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. மாசக்கணக்கில் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே யார் என்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் சடகோபனே வந்து நின்றார். தீர்ந்தது கதை என்று எழுந்து நின்றேன். பட்டம் வந்துவிட்டதாம். ஆனால் முகம் சுண்டிக் கிடந்தது. பரீட்சை செய்தவர்கள் மீனைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டு, டைப் அடித்திருக்கிற நேர்த்தியை மூன்று பேரும் சிலாகித்திருந்தார்களாம். வேறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அந்த மூன்று பிரதிகளில் ஒன்று இப்போதும் ஏதோ ஒரு லைப்ரரியில் தேசப்பன் பெயரோடு தூங்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை தேசப்பன் வந்தார். எண்ணெய் தடவி வாரிய தலை, சலவை வேட்டி. ஒரே சந்தோஷம் எனக்கு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் துண்டைப் பிரித்து அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்து, தம் பெயர் எது என்று கேட்டார். காட்டினேன். குப்பத்தின் பெயரைக் கேட்டார். காட்டினேன். அப்புறம் என் பெயர் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். மற்ற பொஸ்தகங்களில்? எதிலுமே இல்லை என்றேன். நம்பாமல் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா நைனா நீ, மிசினு உன் கைலதானே கீது, உன் பேரையும் ஒரு வரி போட்டுக்கினு போயிருக்கலாமே, எவன் படிக்கப் போறான்?"

எத்தனையோ தீஸிஸ் அடித்தும் எனக்குத் தோன்றாத முடிவுரையை, எழுத்து வாசனையே இல்லாமல் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போன அந்த மனுஷர்தான், அந்த மாடிக்கு வந்தவர்களிலேயே நான் கண்ட ஒரே ஆராய்ச்சியாளர்.