பிளம்பர் வீட்டு ஹோம் தியேட்டர்

பிளம்பர் சொட்டு தெருமுனையில் தலையைக் காட்டினாலே ஒழுகும் குழாய்கள் எல்லாம் பயந்து வாயை மூடிக்கொள்ளும். சரி, இது கொஞ்சம் அதிகம். மூடிக்கொண்டது ஒரே ஒரு குழாய்தான். அன்றைக்கு அந்தத் தெருவில் தண்ணீரே வரவில்லை. ஆனால் மூன்றாவது மாடியில் சொட்டுகிற சத்தத்தைக் கீழே சைக்கிளில் போகும்போதே கேட்டுச் சொல்லிவிடுவார் என்பதில் பொய்யில்லை. அந்தக் காதால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. திறந்து கிடக்கும் குழாய் வாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. கரப்பான் ஏறும், குப்பை ஏறும் என்று உடனே ஓர் அடைப்பானைப் போட்டு இறுக்கிவிடுவார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு வாயைக்கூட அவர் அப்படியே விட்டுவிட்டு வந்ததில்லை. தன் மகளின் வாய் மட்டும் விதிவிலக்கு என்பார் மாமியார்.

அந்த மகளுக்கு, அதாவது சொட்டின் மனைவிக்கு, பிழைப்பே வாய்தான். “தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்” என்று கால் சென்டரில் பதினொரு வருடமாகச் சொல்லிவருபவள். அப்படிக் காத்திருந்த யாரோ ஒருவருக்கு அந்தக் குரல் பிடித்துப்போய், கடலாமைகளைப் பற்றிய டிவி நிகழ்ச்சிக்குப் பின்னணி பேசக் கூப்பிட்டார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒளிபரப்பு. மறு ஒளிபரப்பு கிடையாது. அவள் முகம் வராது, பெயர் வருமா என்பதும் சந்தேகம். வரப்போவது குரல் ஒன்றுதான். “பேசிப் பேசி என்னடி கண்ட?” என்று அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டுவந்த அம்மா, அதைக் கேட்பதற்காக முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வந்து, டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்துவிட்டார்.

டிவியின் சொந்த ஸ்பீக்கர் போன வருடமே உயிரை விட்டிருந்தது. மனைவியின் அண்ணன் தன் பழைய ஹோம் தியேட்டர் பெட்டியைக் கொடுத்திருந்தார். டிவியின் சத்தம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுவரை கணீரென்று வந்தது. மாமியார் வருகிறாரே என்று சனிக்கிழமை காலையில் சொட்டு அந்தப் பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்தார். மூன்று மணிக்கு டிவியைப் போட்டால், செய்தி வாசிப்பவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“காலையில என்னமோ நோண்டிட்டு இருந்தீங்களே?” என்றாள் மனைவி.

“துடைச்சேன். துடைச்சா சத்தம் போயிடுமா? லைன்ல எங்கயோ அடைப்பு.”

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தொட்டியில் தொடங்க வேண்டும், குழாயோடு நடக்க வேண்டும், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டிவிதான் தொட்டி; பெட்டிதான் பம்பு; மூலைக்கு ஒன்றாக நிற்கும் ஸ்பீக்கர்கள் குழாய்கள். மச்சானைப் போனில் பிடித்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தார்.

“மாப்ள, எச்டிஎம்ஐ வயர் ரெண்டு பக்கமும் ஏஆர்சின்னு எழுதின ஓட்டையிலதான இருக்கு?”

“அதுலதான் இருக்கு. கழட்டி ஊதி மாட்டிட்டேன்.”

“டிவி செட்டிங்ஸ்ல சவுண்ட் வெளி ஸ்பீக்கருக்குப் போகுதா?”

“போகுது மச்சான்.”

“பெட்டியில டிவின்னு வச்சிருக்கீங்களா? வால்யூம்?”

“வச்சாச்சு. வால்யூம முழுசாத் திறந்து விட்டுட்டேன். ஒரு சொட்டு வரல.”

“அப்ப ரெண்டுக்கும் கரண்ட்டப் புடுங்கிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க.”

அஞ்சு நிமிஷம் கழித்துப் போட்டார். மீன் மறுபடியும் வந்தது. ஸ்பீக்கர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, செப்புக் கம்பியைச் சுரண்டி, திரும்ப முடுக்கினார். மணி மூன்று ஐம்பது ஆனது.

“எதிர் வீட்ல போய்ப் பாத்துக்கலாமா?”

“பிளம்பர் வீட்ல தண்ணி வரலன்னு குடத்தத் தூக்கிட்டு எதிர் வீட்டுக்குப் போறதா?”

“தண்ணி இல்லங்க. என் குரல்,” என்றாள் அவள். ஆயிரம் பேர் போனில் திட்டியும் அசையாத அந்தக் குரல் லேசாகத் தழதழத்தது. சொட்டின் காதுக்கு அது தப்புமா? மறுபடியும் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தார்.

“எதிர் வீடு மாடியில்ல? நான் இனிமே ஒரு படி ஏற மாட்டேன்,” என்று மாமியாரும் முடித்துவிட்டார்.

நான்கு மணிக்கு ஆமை வந்தது. சத்தமில்லாமல் கரையேறியது, சத்தமில்லாமல் குழி தோண்டியது. சொட்டு தரையில் படுத்துக்கொண்டு வயர்களைத் தடவினார்.

“அம்மா, எனக்கு எல்லாம் மனப்பாடம். பக்கத்துல நின்னு நானே பேசிடறேன்.”

“அத உங்க அப்பா வீட்லயே கேட்டிருக்கேனே. அதுக்கு எதுக்குடி ரெண்டு பஸ்?” என்ற மாமியார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். “மாப்பிள்ளை, பெட்டி மூஞ்சியில காதுல மாட்டற படம் ஒண்ணு எரியுதே. யார் காதுல மாட்டியிருக்கு?”

சொட்டு தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹெட்போன் படம். அதற்கு நேர்கீழே தங்க நிறத்தில் ஒரு சின்ன மூடி. அவருக்குக் காலைப்பொழுது முழுவதும் கண்முன் ஓடியது. துடைக்கும்போது பெட்டியின் முகப்பில் ஓர் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பெட்டியோடு மச்சான் கொடுத்த பையில், ஹெட்போன் வயரின் முனையில் இருக்கும் ஜாக் ஒன்று வயரில்லாமல் அநாதையாகக் கிடந்தது. செருகிப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. இனி ஒரு கரப்பானும் போகாது என்ற திருப்தியில் அதை மறந்தும்விட்டார். யாரோ ஹெட்போனில் கேட்கிறார்கள் என்று நம்பிய பெட்டி, அடக்க ஒடுக்கமாக ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டது.

பிடுங்கினார். வால்யூமை முழுசாகத் திறந்து வைத்தது ஞாபகம் இல்லை.

“இந்த உயிரினத்துக்கு அவசரம் என்பதே கிடையாது” என்று மனைவியின் குரல் வீட்டையே தூக்கி வைத்தது. ஜன்னல்கள் நடுங்கின. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கியே விட்டார். சொட்டு பாய்ந்து வால்யூமைக் குறைத்தார்.

அதற்குப் பிறகு மாமியார் முன்னால் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் குஞ்சு கடலில் இறங்கி, குரலும் அடங்கிய பிறகு, கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

“நல்லாத்தாண்டி பேசற. மூச்சு விட வேண்டிய எடத்துல மூச்சும் விடற.”

மனைவி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டாள்.

சொட்டு அதற்குள் போனில் இருந்தார். “ஒண்ணுமில்ல மச்சான், சின்ன அடைப்பு. ஒரே நிமிஷத்துல எடுத்துட்டேன். ஆரம்பத்துலேருந்து முழுசாக் கேட்டோம்.”

“அடைப்ப வச்சது யாருன்னும் சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “அப்புறம், ஆரம்பத்துலேருந்து இல்ல. ஏழு நிமிஷம் போச்சு, நான் கடிகாரத்தப் பாத்துட்டேதான் இருந்தேன். சத்தம் வர்றதுக்குள்ள ஆமை முட்டை போட்டு, குழியையும் மூடிட்டுக் கிளம்பிடுச்சு. அதுவும் உங்கள மாதிரிதான், ஓட்டைய மூடாம நகரல.”