தாலிகட்டைத் தவறவிட்ட கேமராக்காரர்

ஸ்ரீகுமார் மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். பனச்சமூடு சந்திப்பில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஸ்டுடியோ. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்தொன்பது வருடம் கல்யாணம் எடுத்திருக்கிறார். ஆனாலும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆள் குறைவு. மண்டபத்துக்குள் வந்துவிட்டால் அவருக்குப் பெரியவர் சிறியவர் கிடையாது என்பது புகார். அது பொய் இல்லை. தாலிகட்டு நேரத்தில் சொந்தக்காரர்கள் மொத்தமும் மணவறையைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள் அல்லவா? மாமா அப்போது கொஞ்சம் விலகுங்கள் என்று மலையாளத்தில் ஒரு குரல் கொடுப்பார்: "மாறிக்கே! ஒந்நு மாறிக்கே!" பெண்ணின் தாய்மாமன் ரிட்டயரான தாசில்தாராகவே இருக்கட்டும், தோளில் கைவைத்து ஓரமாக நகர்த்திவிடுவார்.

மண்டபத்துக்கு வெளியே ஆள் வேறு. இரத்தம் என்று எழுதிக் காட்டினாலே உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை அவருடைய கேமராப் பையில் நான் ஒரு ரப்பர் பூரானைப் போட்டு வைத்தேன். மாமா செருப்பை விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கியவர், எதிர்த் தேநீர்க் கடையில்தான் நின்றார். இந்த ஆளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மாமாவுக்கு ஒரே மகள். நாலு வயது. பெயர் உமையம்மாள். குடும்பத்துப் பழைய பெயரை விடக்கூடாது என்று வைத்தது. வாயில் அடங்கவில்லை என்பதால் நாங்கள் உம்மு என்று ஆக்கிவிட்டோம். அவளுடைய அம்மா, ஆனந்தலட்சுமி மாமி, களியக்காவிளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார்.

போன வருடம், ஓணம் கழிந்த ஒரு காலை. அங்கன்வாடிக்குப் போக உம்மு ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மறு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படியே சரிந்து விழுந்தாள். கண் மேலே போயிற்று, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மாமா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழவே இல்லை. பக்கத்து வீட்டுச் சுகுமாரி அக்காதான் முதலில் கத்தியது. "இரும்பு! இரும்பு கொண்டாருங்கலே! கையில குடுங்க!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும், உடனே நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நான் என் பைக் சாவியை, எங்கள் ஊர்ப் பேச்சில் தாக்கோலை, உருவி உம்முவின் கைக்குள் திணித்து, விரல்களை மூடிப் பிடித்தேன். ஒன்றரை நிமிடத்தில் நின்றது. அன்று முழுக்க என் தாக்கோல்தான் காப்பாற்றியது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

மறுபடியும் வந்தது, அதன்பிறகும் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உம்முவின் தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் ஒரு பெண். பொறுமையாகச் சொன்னார். வலிப்பில் பல விதம் உண்டு. மூளை முழுதும் ஒன்றாகப் பற்றுவது ஒன்று, ஏதோ ஒரு மூலையில் தொடங்கிப் பரவுவது இன்னொன்று. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து மற்றதைக் கூட்டிவிடவும் செய்யும். எப்படித் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும். இப்போதைக்கு ஒரு மருந்து தருகிறேன், அடுத்தமுறை வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், யாராவது ஒருவர் முதலிலிருந்தே வீடியோ எடுங்கள்.

"வீடியோவா?" என்றார் மாமா. வீடியோ எடுத்தே பத்தொன்பது வருடம் சோறு தின்றவர், அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டதுபோல முழித்தார்.

அந்த மருந்து வலிப்பையும் நிறுத்தவில்லை, பிள்ளையையும் பிள்ளையாக விடவில்லை. உம்மு எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினாள். நான் வேண்டுமென்றே அவளுடைய மிட்டாயைத் தின்றாலும், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது முறை வந்தபோது மாமா போனை எடுத்தார். அந்த வீடியோவை டாக்டர் மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். முதலில் தரை. பிறகு மாமாவின் கால் பெருவிரல். பிறகு சுகுமாரி அக்காவின் முதுகு, வெகு நேரம். கடைசியில் உம்முவின் வலது கை தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பெரிய முட்டி.

"இது யாருடைய கை?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்க மருமகனுக்க கை டாக்டர். தாக்கோல் குடுக்கியான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்தேன்.

"இரும்பினால் நிற்பதில்லை, அது தானாக நிற்கும்" என்றார் அவர். "நான் பார்க்க வேண்டியது அந்தக் கையைத்தான். அதை நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மூடிவிட்டீர்கள்."

திரும்பும் பேருந்தில் நெய்யாற்றின்கரை வரை மாமா மருந்துச் சீட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"எலே, எனக்குக் கை நிக்க மாட்டேங்கு. அவ துடிக்கத பாத்துக்கிட்டு எந்த அப்பன் தள்ளி நிப்பான்?"

"நீங்க அப்பனாட்டு நிக்காதுங்க மாமா, கேமராக்காரனாட்டு நில்லுங்க" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

அதன்பிறகு மாமா உம்முவை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனார். தை மாதம் பாறசாலையில் ஒரு கல்யாணம். கைலாசநாதன் என்பவருடைய மகள். கைலாசநாதன் பத்திரப் பதிவு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், அன்றும் மண்டபத்தில் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார். மணவறைக்குக் கீழே ஒரு ஓரத்தில், கேமராப் பெட்டியில் சாய்ந்தபடி, பச்சைப் பட்டுப்பாவாடையோடு உம்மு தரைவிரிப்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கேமரா மாமாவின் உதவியாளன் ஜித்தினிடம், மணவறைக்கு மறுபக்கம். நான் முதல் பந்திக்கு இடம் பிடிக்க ஊட்டுப்புரை வாசலில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

மேளம் முறுகியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மாமாவின் கேமரா மாப்பிள்ளையின் கையிலேயே நின்றது. அந்த நேரத்தில் உம்மு, வலதுபக்கம் யாரோ கூப்பிட்டதுபோல மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை.

மாமா அதை எப்படிக் கண்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கேமரா தாலியை விட்டு அப்படியே கீழே திரும்பியது. வலது கையில் கேமரா, இடது கையால் பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, துண்டைத் தலைக்கடியில் தள்ளி, இரண்டடி பின்னால் போய் முட்டுக்குத்தி உட்கார்ந்தார்.

நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் என்றாள். மூன்று பேர் இரும்பு என்றார்கள். கைலாசநாதன் மகளுடைய தாலிகட்டையும் விட்டுவிட்டு, கார் தாக்கோலை நீட்டிக்கொண்டு மணவறையிலிருந்து குதித்தார்.

"மாறிக்கே! ஒந்நு மாறிக்கே!"

மேளத்துக்கு மேலே கேட்டது அந்தக் குரல். "ஆரும் தொடாதுங்க! கையில ஒண்ணும் குடுக்காதுங்க! மாறி நில்லுங்க ஓய்!" கல்யாணப் பெண்ணின் அப்பாவையே மாமா முழங்கையால் தள்ளினார். கைலாசநாதன் மேளக்காரர் மேல் போய் விழுந்தார்.

"நீ அப்பனாடா? கொச்சு கெடந்து துடிக்கிது, நீ படம் பிடிக்கியா?" என்று ஒரு கிழவர் கத்தினார். "கல்நெஞ்சன்" என்றாள் ஒருத்தி. மாமாவின் குரல் தாழ்ந்துவிட்டது. பக்கத்தில் ஓடி வந்து நின்ற எனக்குத்தான் அது கேட்டது.

"உம்மு, அப்பா இஞ்ச உண்டு. இஞ்சதான் உண்டு மக்கா. பயப்படாத. அப்பா எங்கயும் போகல்ல."

கேமரா அசையவில்லை. நான் என் சட்டைப் பையிலிருந்த பைக் தாக்கோலைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அது தானாக வெளியே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடியில் நின்றது. உம்மு நீளமாக ஒரு மூச்சு விட்டு உறங்கினாள். மாமா கேமராவைக் கீழே வைத்து, அவளைத் தூக்கி மடியில் போட்டார். ஒரு தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். மணவறையில் தாலிகட்டு முடிந்து மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் அந்த வீடியோவை நாலு முறை பார்த்தார். முதல் மூன்று வினாடி மாப்பிள்ளையின் கை, தாலி, மஞ்சள் சரடு. அப்புறம் உம்மு. தலை வலதுபக்கம் போகிறது, கண்ணும் அங்கேயே போகிறது, வாயின் வலது கோணம் இழுக்கிறது, பிறகு வலது கை. இடது கை வெகு நேரம் சும்மா கிடக்கிறது.

"இதுதான் எனக்கு வேண்டியது" என்றார் டாக்டர். "ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது. மருந்தை மாற்றிவிடலாம். இது யார் எடுத்தது?"

"நானாக்கும்" என்றார் மாமா. அதோடு நிறுத்தினாரா? "மண்டபத்து லைட்டு மஞ்சளாட்டு வீணுப்போச்சு டாக்டர். இல்லேங்கி இன்னும் நல்லா வந்திருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. இதை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்தார். "காட்டுங்க. ஆனா முகத்தை மறைச்சு நானே தாறேன்."

கைலாசநாதன் அடுத்த வாரம் ஸ்டுடியோவின் படி ஏறி வந்தார். ஜித்தின் எடுத்ததில் தாலிகட்டு உண்டு, ஆனால் யாரோ ஒரு சித்தியின் தலைப்பூவுக்குப் பின்னால். "எனக்க மோளுக்க தாலிகெட்டு எங்கடே?" என்றார். மாமா முழு வீடியோவையும் போட்டார். கைலாசநாதன் நின்றுகொண்டே பார்த்தார்.

"இந்தத் தாக்கோலை நீட்டிக்கிட்டு நிக்கியது நானா?"

"ஆமா அண்ணாச்சி."

"பொட்டன் மாதிரி நிக்கியேன்." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொச்சுக்கு இப்ப எப்பிடி உண்டு?" என்று கேட்டார். தாலிகட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

புது மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. வலிப்பு வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை, மாமாவும் சொல்வதில்லை. ஆனால் உம்மு இப்போது மிட்டாயைத் தொட்டால் கடிக்கிறாள். என் வலது கையில் அடையாளம் இருக்கிறது. சுகுமாரி அக்கா யார் வீட்டிலாவது இரும்பைப் பற்றிப் பேசினால், மாமா மண்டபக் குரலை எடுத்துவிடுகிறார். அக்கா இப்போதெல்லாம் தெருவைச் சுற்றிப் போகிறது.

டாக்டரிடம் சொன்ன வேலையை மட்டும் மாமா தள்ளிக்கொண்டே வந்தார். முகத்தை மறைக்க வேண்டுமானால் அதை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். போன வாரம்தான் ஒரு மத்தியானம் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சேட்டையும் செய்யவில்லை. நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அங்கன்வாடியிலிருந்து மாமி கூட்டிக்கொண்டு வந்த உம்மு நேராக அவர் மடியில் ஏறினாள். திரையில் முகம் இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம். மாமா நிறுத்தப் போனார். அதற்குள் அவள் விரலை நீட்டிவிட்டாள்.

"அது எனக்க பச்சைப் பாவாடை."

"ஆமா மக்கா. உனக்க பாவாடைதான்."

"எதுக்கு எனக்க மூஞ்சிய அழிச்சே?"

மாமி மாமாவைப் பார்த்தார்.

"டாக்டராவ படிக்கிய அக்காமாரும் அண்ணன்மாரும் இதப் பாத்துப் படிக்கப் போறாங்க" என்றார் மாமா. "உனக்க மூஞ்சி அவங்களுக்கு எதுக்கு? அது நமக்குள்ளதில்லியா."

உம்மு அதை யோசித்தாள். "அப்பம் பாவாடைய அழிக்காத" என்றாள்.

மாமா அழிக்கவில்லை.