2491 என்ற பயணச்சீட்டு

சுதந்திரம் வந்த புதிதில், திருவொற்றியூர் ரயில் நிலைய வாயிலில் பயணச்சீட்டுகளைத் திரும்பப் பெறுபவராக இருந்தார் அவர். வெற்றிலையால் சிவந்த உதடுகள், முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டு. சீட்டின் எண் ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்துவிட்டால், அதைக் கண்ணருகே உயர்த்திப் பூரிப்பார்.

ஒரு மாலை என் சீட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "சார், 2491! இன்னா போட்டு வகுத்தாலும் அசைய மாட்டேங்குது!"

அந்த மகிழ்ச்சியைக் கலைப்பது தகுமா என்று ஒரு கணம் தயங்கினேன். ஆயினும், கணிதப் பட்டதாரி பிழையைக் கேட்டுக்கொண்டு வாளாவிருத்தல் முறையன்று. "ஐம்பதின் வர்க்கத்தில் ஒன்பது குறைவு. நாற்பத்தேழை ஐம்பத்து மூன்றால் பெருக்கிப் பாரும்" என்றேன்.

அவர் உதடுகள் அசையக் கணக்கிட்டார். பின்னால் நின்ற மீன்கூடைக்காரி பொறுமையிழந்தாள்.

"இன்னா நைனா, சீட்டுல சாமியா தெரியுது? மீனு நாறிக்கினு கீது, வழிய வுடு!"

"இரு தாயே! உள்ள ரெண்டு பேரு ஒளிஞ்சிகினு இருந்தானுங்க. சாரு புட்ச்சி குட்த்துட்டாரு!" என்று கூவிச் சிரித்தார் அவர்.

எனக்குக் கிடைத்த கணிதப் பரிசுகள் யாவும் சரியான விடைகளுக்கே. பிழைபட்டதில் ஒரு மனிதருக்கு அத்தனை இன்பம் எவ்வாறு வாய்த்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.