ஆயிரத்தொன்பதாவது ஆள்

தையல் ஆலையின் வருகைப்பதிவு அறையில் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் ‘மீதி’ என்றே கூப்பிட்டார்கள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் வகுத்து, மீதி என்ன என்று சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார், அதுதான் சிக்கல். கணக்குப் படிக்க ஆசைப்பட்டவருக்கு ஆட்களை எண்ணும் வேலை கிடைத்தது. கிட்டத்தட்ட அதுவும் கணக்குதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

புதிதாக வந்த மேலாளருக்குச் சமத்துவத்தில் வெறி. வாசலில், ‘இங்கே எல்லோரும் சமம்’ என்று பலகை மாட்டினார். ஆலை முழுவதையும் சம அளவுக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும், ஒருவர்கூட மிஞ்சக் கூடாது. இருபத்தைந்து பேராகப் பிரித்துப் பார்த்தார், ஒன்பது பேர் மிஞ்சினார்கள். முப்பதாகப் பிரித்தார், பத்தொன்பது பேர். கடைசியில் மீதிக்கு ஆள் அனுப்பினார்.

“என்னங்க இது, எப்படி வகுத்தாலும் உதைக்குது?”

மீதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “உதைக்கத்தான் சார் செய்யும். நாம ஆயிரத்தொன்பது பேர். பகா எண்! ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதுக்கும் மசியாது. முப்பத்தொண்ணு வரைக்கும் உள்ள பகா எண்ணால வகுத்துப் பாத்தா போதும், அதுக்கு மேல பாக்கவே வேணாம். திருப்பி எழுதுங்க, ஒன்பதாயிரத்தொண்ணு, அதுவும் பகா எண். இருபத்தெட்டோட வர்க்கத்தையும் பதினஞ்சோட வர்க்கத்தையும் கூட்டுங்க, இதே வரும்!”

மேலாளர் கொட்டாவியை மென்று விழுங்கினார். “சரி, வழியைச் சொல்லுங்க.”

மீதியும் தவளை தன் வாயால் கெட்ட கதையைப் பள்ளியில் படித்தவர்தான். மதிப்பெண்ணுக்குப் படித்தது, மறந்துவிட்டது.

“ஒரே ஒருத்தர் குறைஞ்சா போதும் சார். ஆயிரத்தெட்டு தங்கமான எண். முப்பது வெவ்வேறு எண்ணால மிச்சமில்லாம வகுபடும்.”

மேலாளர் அவரை முதன்முறையாக ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் ஆயிரத்தெட்டுப் பேர் சமமானார்கள்.

“அத்தனை பேர் இருக்க, உங்க தலைதானா அவருக்குக் கிடைச்சுது?” என்றாள் மனைவி.

“எண்ணி முடிச்சாச்சே, இனி எண்ணுற ஆள் எதுக்குன்னுட்டார்.”

சில மாதம் கழித்து ஒரு தையல்காரி வேலையை விட்டுப் போனாள். மேலாளரே போனில் வந்தார். மீதி அவசரமாக ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆயிரத்தேழு ஆயிடுச்சுங்க. மறுபடி உதைக்குது. இதுவும் பகா எண்ணா? ஆமான்னா சொல்லுங்க, ஒரு ஆளைச் சேத்துத்தான் ஆகணும். உங்களையே கூப்பிட்டுக்கறேன்.”

மனைவி ‘ஆமாம் சொல்லுங்க’ என்று கழுத்து வலிக்கத் தலையாட்டினாள். மீதி போன் பக்கம் குனிந்தார்.

“இல்ல சார். பாத்தா அப்படித்தான் தெரியும், ஏமாத்திடும். பத்தொன்பதை ஐம்பத்து மூணால பெருக்கினா வந்துடும். ஐம்பத்து மூணு குழு, குழுவுக்குப் பத்தொன்பது பேர்.”

“அட, பிரமாதம்! ரொம்ப நன்றிங்க.” போன் அடங்கியது.

“ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னா, வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?”

“பொய்யாயிடுமே.”

“வாசல்ல எல்லாரும் சமம்னு பலகை மாட்டியிருக்காரே, அது மட்டும் பொய்யாகலையா?”

மீதி மெல்ல, “பத்தொன்பது, ஐம்பத்து மூணு, ரெண்டுமே பகா எண்தான் தெரியுமா?” என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.